குளிரில் பார்க்காமல் வாங்கிய கார்

மோகனன் உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்து வாங்கிய பழைய அம்பாசடர், மார்கழியான தனு மாதக் குளிரில் மூன்றாவது நாளாகக் காலையில் அசைய மறுத்தது. தள்ள ஆள் தேடி அவன் தெருமுக்குக்குப் போயிருந்தபோது, பட்டுச்சேலை கட்டித் தயாராகிவிட்ட அவன் மனைவி சரசம்மா சீட்டு எழுதினாள்.

“கஞ்சியும் பயறும் மூடி வச்சிருக்கேன். கார் சாவி மேசையில உண்டு. கள்ளன் எடுப்பான்னு பேடிக்காண்டாம், தள்ளதுக்கு அவனுக்கும் நாலு ஆளு வேணும். அண்ணனுக்க மகளுக்க கல்யாண நிச்சயத்துக்கு நான் போறேன். நீங்க பஸ்ஸில வாங்க. இருமல் உண்டு, கழுத்தில துண்டு சுத்திக்கிடுங்க.”

காகிதத்தின் அடியில் இடம் மிச்சமிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கினாள்.

“சத்தியதாசுக்க முற்றத்தில போய் நின்னு ‘எலே, தள்ள வாலே’ன்னு விளிக்காண்டாம். அவரு உங்க அப்பாக்க நிலத்தில குடிசை கெட்டிக் கிடந்த குடிகிடப்புக்காரனா இருந்த காலம் போச்சு. குடிசை நின்ன பத்து சென்டுக்கு அவரு பேரில பட்டயம் கிடைச்சு வருசம் எட்டாச்சு. துபாயில நிக்க மகன் சொல்லி அவரு வாங்கின ஜீப்பும் பழசுதான். ஆனா வெளுப்பாங்காலம், விடியதுக்கு முன்ன குளிரில போய் ஓட்டிப் பாத்து வாங்கினாரு.

அந்த ஜீப்பிலயாக்கும் நான் போறேன். இப்போ நம்ம வாசல்ல ஸ்டார்ட் ஆயி நிக்குது. ஆரும் தள்ளல்ல.”