மலைச்செய்தியும் மேட்டுக்குரலும்

செப்டம்பர் 4

காலையிலிருந்து மழை. தோட்டத்துத் தேநீர்க் கடைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் குறைவு. ஊற்றிக் கொடுக்கும் வேலை இல்லாததால் உட்கார்ந்து என் மலைச்செய்தி வலைப்பதிவைத் திறந்து பார்த்தேன். "கீழ் லயத்துக்குப் புதிய குடிநீர்க் குழாய்: மாநில அரசு ஒப்புதல்" என்று நேற்று எழுதியிருந்தேன். நல்ல தலைப்புதான். முப்பது பேர் படித்திருக்கிறார்கள். அதில் நானே ஏழெட்டு முறை திறந்திருப்பேன்.

வனஸ்ஸாவும் அதே குழாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். ஒப்புதல் போன தேர்தலிலேயே வந்துவிட்டது, குழாய் எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவளுடைய மேட்டுக்குரல் பதிவை எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பகிர்ந்திருக்கின்றன. என் வீட்டுக்காரரும்தான்.

"எதுக்குப் பகிர்ந்தீங்க?" என்று கேட்டேன்.

"நல்லா எழுதியிருந்துச்சு உமா" என்றார் குணாளன். அவ்வளவுதான். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு கோலா தெர்லாவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போய்விட்டார்.

நல்லா எழுதியிருந்துச்சாம். அப்போ நான் எழுதுறது என்ன?

செப்டம்பர் 7

குழாயடியில் எங்கள் லயத்து மணியம்மா பிடித்துக்கொண்டார். "நீ ஆளுங்கட்சிக்கு எழுதுற. மைக்கல் மவ வனஸ்ஸா எதிர்க்கட்சிக்கு எழுதுறா. ரெண்டு பேரும் தமிழ்ப்பள்ளியில ஒரே பெஞ்சுல உட்கார்ந்த புள்ளைங்க. யாரு சொல்றதுதான்லா நெசம்?"

"குழாய் வரும் அத்தை. அறிவிச்சுட்டாங்க" என்றேன்.

அவர் தன் வாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காய்கறித் தோட்ட முதலாளி ரெங்கசாமி மேலே குன்றை வெட்டிக் காய்கறி போட ஆரம்பித்ததிலிருந்து மழை பெய்தால் இப்படித்தான். பால் விடாத தேநீர் நிறம். நானும் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். அதை எழுதினால் எங்கள் கட்சிக்குத்தானே அடி?

அதை எழுதாமல் நான் வேறு எதை எழுதினாலும் அவளுக்குத்தான் வெற்றி.

செப்டம்பர் 15

தானா ராத்தாவில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி.யின் கூட்டம். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் நின்று படம் எடுத்தேன். முடிந்ததும் அருகில் வந்து, "நம்ம மலைச்செய்தி யோகேஸ்வரி தானே?" என்று கையைக் குலுக்கினார். நாலு வருஷமாக அவருக்கு எழுதுகிறேன். உமாதேவி என்று திருத்தினேன். காதில் வாங்கவில்லை.

ஆனால் மேடையில் பேசும்போது, "அந்த மேட்டுக்குரல் எழுதுற வனஸ்ஸா மைக்கல் இருக்காங்களே" என்று அப்பா பெயரோடு சொன்னார்.

எதிரியின் பெயர் தெரிகிறது. வீட்டு ஆள் பெயர் தெரியவில்லை.

செப்டம்பர் 16

வனஸ்ஸா. சொல்லவும் சுலபமான பெயர். எல்லோர் வாயிலும் தானாக வருகிறது.

செப்டம்பர் 28

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கட்சி அலுவலகத்து மகேஸ்வரன் கடைக்கு வந்தார். தேநீரைத் தொடாமலே போனில் ஒரு படத்தை நீட்டினார். வனஸ்ஸாவும் ரெங்கசாமியும் ஒரே மேசையில். முன்னால் பிரியாணித் தட்டு. அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"மலைய வெட்டுனவன் கூட விருந்து சாப்புட்டுட்டுத் தண்ணி அழுக்குன்னு எழுதுறா. போடுங்க சிஸ்டர். ஒய்.பி.யே சொன்னாரு."

இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. விளிம்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலைத் துண்டு. என் சேலை. எங்கள் தோழி கத்தரீனின் கல்யாணம் அது, மாதா கோவில் மண்டபத்தில். ரெங்கசாமி மாப்பிள்ளையின் முதலாளி. இடம் கிடைக்காமல் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தார். வனஸ்ஸா சிரிப்பது அவரோடு இல்லை. பாயசத்தைப் பற்றி நான் சொன்ன ஏதோ ஒரு கோமாளித்தனத்துக்கு.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவங்க ஆளுங்க கையில இப்படி ஒண்ணு கெடைச்சா விடுவாங்களா?"

செப்டம்பர் 29

போட்டுவிட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. "யாரோடு யார்?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். கேள்விதானே.

செப்டம்பர் 30

குவாந்தானில் படிக்கிறார்கள். ஈப்போவில் படிக்கிறார்கள். எண்ணிக்கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கி வழிந்தது. ஒய்.பி. தாமே செய்தி அனுப்பினார்: "சபாஷ் உமாதேவி."

பெயரைச் சரியாக எழுதியிருந்தார். நான் இன்று மகிழ்ச்சியாக இருக்கிறேன். எனக்கு நானே எழுதும் இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 2

குணாளன் சோற்றில் கை வைத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கத்தரீன் கல்யாணம்லா."

நான் ரசம் ஊற்றினேன்.

"இந்த ஓரத்துல தெரியறது தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை. நீ எங்க உமா?"

"வெட்டிட்டாங்க."

"யாரு?"

"மகேஸ்வரன்."

"வெட்டுனது அவரு. சரி. போட்டது?"

ரசப் பாத்திரத்தை அடுப்படிக்கு எடுத்துப் போனேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 5

முழுப் படம் கத்தரீனிடம் இருக்கிறது. வனஸ்ஸாவிடமும் இருக்கும். அவள் போட்டுவிட்டால் என் கதை முடிந்தது. போன் அதிரும்போதெல்லாம் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

அவள் போடவில்லை. இன்றும் தண்ணீரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஏன்? பாவம் பார்க்கிறாளா? பெரிய மனசு காட்டுகிறாளா? எழுத்தும் அவளுக்கு, பெயரும் அவளுக்கு. நல்லவள் பட்டமும் அவளுக்கேவா? எனக்குன்னு எதைத்தான் விட்டு வைப்பா?

அக்டோபர் 11

வனஸ்ஸா வேலை செய்யும் டவுன் மருந்துக்கடைக்கு ஆட்கள் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். தேர்தல் முடியும்வரை வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கேட்டதும் முதலில் வந்தது என்ன என்பதை எழுதிவிடுகிறேன்: சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். ஆனால் வந்தது.

மாலையில் மணியம்மா சொன்னார். "அந்தப் பொண்ணு ரெங்கசாமிகிட்ட காசு வாங்கிட்டாளாமே."

"அப்படி நான் எழுதலையே அத்தை."

"எழுதணுமா என்ன? படத்தப் பாத்தாலே தெரியுதே."

அவள் கூட்டியிருந்த கூட்டத்துக்கு நேற்று கீழ் லயத்திலிருந்து யாரும் போகவில்லையாம். தண்ணீரை நேரில் பார்க்க அதிகாரி ஒருவரை எப்படியோ சம்மதிக்க வைத்து வரச் செய்திருக்கிறாள். அவர் வந்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், குறை இருந்தால் ஆட்கள் வந்திருப்பார்களே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கீழ் லயத்தில்தான் நானும் குடியிருக்கிறேன்.

அக்டோபர் 19

மழை. தண்ணீர் மோசம். மணியம்மாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. எதுவும் எழுதவில்லை.

நவம்பர் 3

தேர்தல் முடிவு. எங்களுக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை, அவர்களுக்கும் இல்லை. இரண்டு கட்சியும் சேர்ந்து மாநில ஆட்சி அமைக்கப் போகின்றன. நாலு வருஷமாக நான் யாரைத் திட்டினேனோ அவர்கள் எங்கள் ஆட்களுக்கு மாலை போடுகிறார்கள்.

மகேஸ்வரன் போன் செய்தார். "வனஸ்ஸா படத்த எடுத்துடுங்க சிஸ்டர். இனி அவங்களும் நம்ம ஆளுதான்."

"போன மாசம் நீங்கதானே..."

"அது போன மாசம்லா."

கடைசியில் இன்னொன்றும் சொன்னார். ஒய்.பி. அலுவலகத்தில் தகவல் பொறுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். வனஸ்ஸாவைக் கேட்டிருக்கிறார்களாம். எங்க ஒய்.பி. எங்க ஆபீசுல அவளக் கேட்டிருக்காரு.

எடுத்துவிட்டேன் படத்தை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6

வேலை எனக்காம். நிரந்தரச் சம்பளம், மேசை, பெயர் அட்டை. நான் குதித்திருப்பேன், மகேஸ்வரன் அடுத்த வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"அவங்க வேணாம்னுட்டாங்க. அதான் உங்களக் கேக்கச் சொன்னாரு."

அவள் கடித்துப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போன பழம். முதல் வேலையும் சொல்லிவிட்டார். கீழ் லயத்துத் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுத வேண்டும். கூட்டணி அரசு வந்ததும் முதல் சாதனை அதுதானாம்.

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 7

மணியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கடை முடிந்து போனேன். மறுபடி வயிற்றுப்போக்கு, நிற்கவே இல்லை, உடம்பில் நீரே இல்லை, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வனஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். கஞ்சி கொண்டுவந்திருக்கிறாள். காசு வாங்கினவள் என்று சொன்ன அதே மணியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். அவளாகப் பேசுவாள் என்று பார்த்தேன்.

"முழுப் படத்த ஏன் போடல?" என்று கேட்டேன்.

"போட்டிருந்தா எல்லாரும் உன்னக் கிழிச்சிருப்பாங்க. அப்புறம் ஒரு மாசம் அதே பேச்சுத்தான். தண்ணிய யாரு பேசுவா?"

"எனக்காக இல்லியா?"

என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "உனக்காகவா? உன்னப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு எரியுது உமா. நீ சொன்னதுக்குச் சிரிச்ச சிரிப்புடி அது. அத எடுத்து என் மேலயே அடிச்சிட்ட."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. அவள் பாவம் பார்க்கவில்லை. பெரியவளாக நிற்கவில்லை. என்னை மாதிரியே எரிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

நவம்பர் 8

மகேஸ்வரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அவங்களப் பாத்து நீங்களுமா?" என்றார். அது சுட்டது. வேண்டாம் என்பதிலும் நான் இரண்டாவதுதான்.

நவம்பர் 9

கத்தரீனிடம் முழுப் படத்தை வாங்கிப் போட்டேன். எங்கே எடுத்தது, யார் எதற்குச் சிரித்தார்கள், எந்த ஓரம் வெட்டப்பட்டது, தெரிந்துகொண்டே நான் போட்டது என எல்லாம். கூடவே எங்கள் குழாயில் காலையில் பிடித்த தண்ணீரின் படமும்.

நவம்பர் 12

துரோகி என்று எழுதுகிறார்கள். எங்கள் ஆட்களும் எழுதுகிறார்கள், அவள் ஆட்களும். ஒய்.பி. என் எண்ணை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. மறுபடி முப்பது பேர்தான் படிக்கிறார்கள். ஆனால் அந்த முப்பதில் கீழ் லயத்துக்காரர்கள் பாதிப் பேர்.

டிசம்பர் 2

வனஸ்ஸாவையும் அவள் கட்சி கைவிட்டுவிட்டது. ஆட்சிக்கு வந்த பிறகும் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாளாம், அதுதான் குற்றம். மருந்துக்கடையில் மட்டும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்று அவளிடமிருந்து செய்தி, வணக்கம்கூட இல்லாமல்: "ரெங்கசாமி வெட்டுன எடத்தப் படம் எடுக்கணும். தனியாப் போக பயமா இருக்கு. வர்றியா?"

போனேன். மேலே ஏறும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இறங்கும்போது அவள் வழுக்கினாள், பிடித்தேன். அப்போதும் பேசவில்லை.

டிசம்பர் 20

கீழ் லயத்துக் கூட்டம். மணியம்மா வீடு வீடாகப் போய் ஆள் கூட்டினார். நாற்காலி போதாமல் நின்றார்கள். அதே அதிகாரி வந்தார். ஒரு குவளைத் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். குழாய்க்கு நாள் சொல்லவில்லை. அதுவரை லோரியில் தண்ணீர் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் வனஸ்ஸாவைச் சுற்றி நின்றுகொண்டு நன்றி சொன்னார்கள். நான் நாற்காலிகளை மடக்கினேன். எரியத்தான் செய்தது. இல்லை என்று எழுத முடியாது.

ஜனவரி 14

தண்ணீர் லோரி இந்த வாரம் வரவில்லை. வனஸ்ஸாவுக்குக் கடும் காய்ச்சல், விரலை அசைக்க முடியவில்லையாம். போனில் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து மேட்டுக்குரலில் அவள் பெயரிலேயே போட்டேன். கடைசியில் மட்டும் ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: "ஒய்.பி. அவர்களே, எங்கள் தண்ணீரைக் குடிக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை உங்கள் வெள்ளைச் சட்டையை இதில் துவைத்துக் காட்டுங்கள்."

ஜனவரி 16

அந்த வரியைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்று "வனஸ்ஸா கேட்கிறார்" என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. குணாளன் எனக்கே படித்துக் காட்டினார். தண்ணீர் லோரி இன்று காலை இரண்டாக வந்தது.

கொஞ்ச நேரம் முன்னால் அவள் கூப்பிட்டாள். குரல் இன்னும் கட்டியிருக்கிறது.

"உமா, அந்தச் சட்டை வரி... நான் சொன்னதா நெனப்பே இல்லையே."

நாக்கு நுனிவரை வந்தது.

"காய்ச்சல்ல சொல்லியிருப்ப" என்றேன்.