மேனேஜர் வைத்திருக்கும் இரண்டு ஆட்கள்

அன்புள்ள மகளுக்கு,

நம் பூனை மேனேஜர் உன்னைத் தேடுகிறதா என்று போன தடவை கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. ஒரு பிராணி யாரையோ தேடுகிறது என்று எதை வைத்துச் சொல்வது என்பதே எனக்குப் பிடிபடாத விஷயம். உன் சளி விட்டு, வேலைக்குப் போய்வரும் அளவுக்குத் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மூவரும் நலம் என்றுதான் வழக்கமாக எழுதுவேன், இன்றைக்கு எழுத முடியவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து மேனேஜரைக் காணவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ அதை எங்களிடம் விட்டுப்போனபின் அது எங்களைப் பழக்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா வாட்ச் ரிப்பேரை வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்த பிறகு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு யாருடைய கைக்கடிகாரத்தையாவது திறந்தால் போதும், மேஜைமேல் ஏறி உட்காரும், ஒரு திருகாணியைக் காலால் விளிம்புவரை தள்ளும், அவர் முகத்தைப் பார்க்கும். தட்டை நிரப்ப எழுந்தால் சரி, எழாவிட்டால் திருகாணி கீழே. இப்போது காலைத் தூக்கினாலே எழுந்துவிடுகிறார். அதனிடம் கேட்டால் இப்படிச் சொல்லும் என்று நினைக்கிறேன்: வேலைக்கு இரண்டு ஆட்கள் வைத்திருக்கிறேன். ஆண் நல்ல மாதிரி, ஒருமுறை காட்டினால் பிடித்துக்கொள்ளும், தட்டை நிரப்பியதும் முதுகைத் தடவவிட்டால் அன்றைய கூலி தீர்ந்தது. பெண் கொஞ்சம் மந்தம், படிப்பு அதிகம், அதனால் எதையும் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. முறைத்தால் அசையாது, அது திருத்துகிற விடைத்தாள் கட்டின்மேல் படுத்தால் அசையும். இரண்டுக்கும் விடியற்காலையில் எழும் நல்ல பழக்கம் கிடையாது, நான்தான் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கத்திக் கத்தி உண்டாக்கினேன். இதை அப்பாவிடம் சொன்னபோது, உன்னைப் பழக்கினதுக்கே அதுக்குத் தனியா ஒரு பட்டம் கொடுக்கலாம் என்று சிரித்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கல்லூரியில் வருடாவருடம் நான் நடத்தும் பாடம் இது. பலன் கிடைக்காத பழக்கம் மெல்ல அற்றுப்போகும், ஆனால் அற்றுப்போகும் முன் ஒருமுறை பலமாகத் தலைதூக்கும், அந்த நேரத்தில் இளகிவிட்டால் பழையதைவிட ஆழமாக வேரூன்றிவிடும். கரும்பலகை ஒன்றுதான் குறை, மற்றபடி அப்பாவுக்கு ஒரு வகுப்பே எடுத்து, வெளிச்சம் நன்றாக வரும்வரை யாரும் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். சில நாள் கத்தியது, பிறகு குறைந்தது. நேற்று விடியும்போது ஒரு கத்தல், தொண்டை கிழிகிற மாதிரி. அப்பா எழுந்துவிட்டார். இல்லம்மா, இது வேற மாதிரி இருக்கு என்றார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். இதத்தான் நான் எதிர்பார்த்தேன், இப்போ திறந்தா அத்தனையும் வீண் என்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பாத்தீங்களா என்று வேறு கேட்டேன்.

வெளிச்சம் வந்து திறந்தால், ஜன்னலின் வெளிவிளிம்பு முழுக்க வெள்ளைப் பெயின்டில் கால் தடம். பக்கத்து வீடு காலியாகக் கிடக்கிறதே, அங்கே வண்ணம் அடிக்கிறார்கள், திறந்திருந்த டப்பா எதிலோ இறங்கியிருக்கிறது. சன்ஷேடு வழியாக நம் ஜன்னல்வரை வந்திருக்கிறது, திறக்காததால் அதே வழியாகத் திரும்பி அந்த வீட்டு மாடி ஜன்னலுக்குள் போயிருக்கிறது. தெருத்தெருவாக நாங்கள் தேடிவிட்டு இதைக் கண்டுபிடிப்பதற்குள், பெயின்டர்கள் வந்து மிச்ச வேலையை முடித்து, ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டார், நாளைக் காலையில்தான் வருகிறார். பூனை டாக்டரைக் கேட்டேன். நக்காம இருக்காதும்மா, உள்ள போனா ஈரலுக்குக் கெடுதல், கிடைச்ச உடனே தூக்கிட்டு வாங்க என்றார். பூட்டை உடைக்கலாம் என்று அப்பா சொன்னதற்கு அந்த வீட்டு வாட்ச்மேன் சம்மதிக்கவில்லை. பூனைதானே சார், தானா வந்துடும் என்றார். அது தானா வராதுப்பா, நாங்கதான் போகணும், அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு என்றார் அப்பா. வாட்ச்மேன் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. அதிலிருந்து மதிலோரம் நின்று மேனேஜர் மேனேஜர் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ரிப்பேருக்குக் கொடுத்த வாட்சை வாங்க வந்தவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார். என்னைக் குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதில் சொல்லி ஆறியிருப்பேன். உன் அத்தை போன் செய்து, ஒரு பூனைக்கா ரெண்டு பேரும் பட்டினி கிடக்கீங்க என்று திட்டினார். சாப்பிட்டாச்சு என்று பொய் சொன்னேன். அந்தக் கத்தல் வேறு மாதிரி என்று எனக்கும் காதில் விழுந்தது. காதைவிடப் பாடத்தை நம்பினேன்.

நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே. வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு நாளெல்லாம் ஓட்டாதே. உன்னுடன் தங்கியிருக்கும் பெண் ஏதாவது வேறு மாதிரிக் குரலில் பேசினால், என்ன என்று கேள், நாமாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டாம். வேண்டுதலில் எனக்கு நம்பிக்கையில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனம் கலங்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். மேனேஜருக்குத் தடுப்பூசி போட்ட அட்டை உன்னிடம்தான் இருக்கிறது, அதன் படத்தை மறக்காமல் அனுப்பு, டாக்டர் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள் சேர்த்தது. நேற்று இதை அனுப்ப மனம் வரவில்லை. காலையில் வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். அறை அறையாகப் போய்க் கூப்பிட்டோம், ஒரு சத்தமும் இல்லை. அப்பா தட்டைத் தட்டிப் பார்த்தார், அதற்கும் இல்லை. அப்பா மாடி ஏறினார், நான் கீழேயே நின்றேன். அப்பா மேலிருந்து இருக்கு என்றார், உயிரோடா என்று கேட்காமலே ஏறிப் போனேன். குளியலறையில் சுருட்டி வைத்த தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்தது நல்லாப் படிஞ்சிருக்கு என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. டாக்டர் கால் முடியை வெட்டி, எண்ணெய் தடவித் துடைத்து, ஊசி போட்டார். நாக்கில் புண் இருக்கிறது, நக்கியது கொஞ்சம்தான், பிழைத்துக்கொள்ளும் என்றார். சாயங்காலம் கொஞ்சம் பால் குடித்தது. பிறகு நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய், மூடிய ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. கத்தவில்லை. நான் எழுந்து திறந்தேன். வெளியே போகவில்லை. மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் பார்த்தது, மறுபடியும் திறந்தேன். அடுத்த முறை அப்பா எழுந்திருக்கப் போனார். நீங்க உக்காருங்க, நான் போறேன் என்றேன்.