வேர்ப்பனிக்குள் ஒரு துணை

அன்பு மகள் மினோரிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், உன் அப்பா இடுப்பைத் தவிர மற்றபடி சௌக்கியம், வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவன் ரியோவும் நலமாக இருக்க வேண்டும், அவனுக்கு அந்த இருமல் நின்றதா என்று எழுது. நம் குதிரை ஃபுகியின் நலத்தைக் கடிதத்தின் கடைசியில்தான் எழுதுவேன். இப்போதே அங்கே எட்டிப் பார்க்காதே, சின்ன வயதிலிருந்தே எந்தக் கதைப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ.

போன தடவை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "அம்மா, மனுஷங்களுக்கே துணை கிடைக்கல, நீங்க குதிரைக்குத் துணை தேடி ஊர் ஊரா அலையறீங்க, பேசாம வித்துட்டு நிம்மதியா இருங்க" என்றாய். வித்துட்டு என்கிற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது உனக்கு! பந்தயத்தில் சறுக்குவண்டி இழுத்து ஓய்ந்து, குட்டி போடுவதும் நின்றுபோன கிழட்டுக் கனக்குதிரையை இந்தப் பக்கத்தில் யார் வாங்குவார்கள், வாங்கி எங்கே அனுப்புவார்கள் என்று உனக்குத் தெரியாதா? லாரியில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, நேராக உங்கள் குமமோட்டோவுக்குத்தான். அங்கே கொழுக்கவைத்து, மெல்லிசாக நறுக்கி, இஞ்சியோடு பச்சையாகவே தட்டில் வைப்பார்கள். உன் கல்யாண விருந்தில் உன் மாமனார் ஆசை ஆசையாக எங்கள் முன்னால் வைத்தாரே. நல்ல மனுஷர், அது அவர் ஊர் வழக்கம், நான் குறை சொல்லவில்லை. நான் சாப்பிடுகிற குச்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாதான் மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் கலங்கி நின்றார், உன் மாமியார் பாவம், மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார். குதிரையோடு வாழ்ந்தவனுக்கு அது தொண்டையில் இறங்காது மினோரி. குதிரை வளர்த்த வீட்டில் பிறந்த நீ, வித்துடுங்க என்கிறாய்.

சரி, கோபத்தை அப்புறம் காட்டுகிறேன், விஷயத்துக்கு வருகிறேன். உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு நம் இன்னொரு குதிரை கொஹாரு வயிற்றுவலி வந்து போய்ச் சேர்ந்தாள், அது உனக்குத் தெரியும். ஃபுகியும் அவளும் ஒன்றாகவே பந்தயத்துக்குப் போனவர்கள், ஒன்றாகவே குட்டி போட்டவர்கள், ஒரு வைக்கோல் கட்டை இரண்டு பக்கமும் நின்று தின்றவர்கள். அவள் போன மறுநாளிலிருந்து ஃபுகி வேலி ஓரமாகப் போவதும் வருவதுமாக நடந்தாள், புல் தேய்ந்து மண் தெரிகிற அளவுக்கு நடந்தாள். அப்புறம் லாயத்துக்குள் நின்று கத்த ஆரம்பித்தாள். அந்தக் கத்தலை நீ கேட்டிருந்தால் வித்துடுங்க என்று சொல்லியிருக்க மாட்டாய். பீட்ரூட் வயலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற அகுட்ஸு வீட்டம்மாவே, "அக்கா, உங்க குதிரை அழறப்ப எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்றாள். தீனியைத் தொடவில்லை, குளிரிலும் வியர்த்தது, விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்லம்மா, குதிரை ஒத்தையா இருக்கிற பிறவி இல்ல, ஏதாவது ஒரு உசுரைப் பக்கத்துல கொண்டாந்து விடுங்க" என்று சொல்லிப் போனார். இன்னொரு கனக்குதிரையை வாங்கிக் கட்டி மேய்க்க உன் அப்பாவின் இடுப்பு இடம் கொடுக்காது, என் முதுகும் கொடுக்காது.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஒருநாள் சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஸுமி, எலும்பும் தோலுமா இவ நின்னு சாகறதை என்னால பாக்க முடியாது, மக்காபே கிட்ட சொல்லிடறேன்" என்றார். மக்காபே கிழட்டுக் குதிரைகளை வாங்கி ஏற்றுகிற வியாபாரி. எனக்கு வந்ததே ஆத்திரம்! பார்க்க முடியவில்லையென்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அவளை எதற்கு லாரியில் ஏற்ற வேண்டும் என்று கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் வேர்ப்பனி விழுகிறவரை எனக்கு அவகாசம் என்று முடிவாயிற்று. விழுந்து நாலு நாளில் உருகிப்போகிற பனி கணக்கில் சேராது, வசந்தம்வரை தரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற பனிதான் கணக்கு. அதற்குள் ஃபுகி கத்தலை நிறுத்தித் தீனி தின்ன வேண்டும். இல்லையென்றால் மக்காபே வருவார், நான் வாயைத் திறக்கக் கூடாது.

அன்றைக்கே கிளம்பினேன். முதலில் அகுட்ஸு வீட்டு வெள்ளாடு வந்தது. குதிரைக்கு ஆடு நல்ல துணை என்று எல்லோரும் சொன்னார்கள், அந்த ஆட்டிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஃபுகியின் வாலைப் புல் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பந்தய நாளில் நான் பின்னிப் பூக்கட்டி அனுப்பின வால், தேய்ந்த துடைப்பக்கட்டையாகிவிட்டது. திருப்பி அனுப்பினேன். அடுத்தது மூடிப்போன சிறுவர் பூங்காவிலிருந்து ஒரு மட்டக்குதிரை, பேர் பிரின்ஸ், ஃபுகியின் வயிற்று உயரம்தான் இருக்கும். வந்த நாளே அவள் தீனித் தொட்டிக்கு அவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான். கடிக்கிறான், உதைக்கிறான், ஒரு டன் எடையுள்ளவள் மூலையில் போய் ஒடுங்கி நிற்கிறாள். உன் அப்பா வாசலில் ஊன்றுகோலோடு நின்று, "அப்படியே நம்ம கல்யாணம்" என்று சிரிக்கிறார். அவனையும் அனுப்பினேன். அப்புறம் இவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார், லாயத்தில் வானொலி வைத்தால் பேச்சுக்குரல் கேட்டு அடங்குவாளாம். வைத்தோம். ஃபுகி வானொலிக்கு மேலே கத்தினாள். அதில் பலன் அடைந்தது இவர்தான், சுமோ போட்டி முடிகிறவரை அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஊர் சிரித்தது. கூட்டுறவுக் கடையில், "ஸுமி அக்கா குதிரைக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களாம், ஜாதகம் வந்துச்சா அக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். வந்தது, உன் ஜாதகம்தான் முதலில் வந்தது, பல் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு என்ன போச்சு.

அடுத்த ஊர் ஷினதாவிடம் செம்மறிகள் இருக்கின்றன இல்லையா, அவரிடம் போனேன். பல் கொட்டி, ஒரு கண் பூத்து, பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி உரோமம் தொங்க ஒரு கிழட்டுப் பெண்ணாடு தனியாகக் கட்டியிருந்தது. இது ஏன் தனியாக நிற்கிறது என்றேன். "அது நாளைக்குத் தட்டுக்குப் போறது அக்கா, வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போங்க, ஆனா பல்லில்லாத ஆட்டை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க" என்றார். தட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முடிவாகிவிட்டது. ஒருத்தி உங்கள் ஊர்த் தட்டுக்குப் போக வேண்டியவள், இன்னொருத்தி எங்கள் ஊர்த் தட்டுக்குப் போக வேண்டியவள், இரண்டு பேரையும் நான் அனுப்பப் போவதில்லை என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "ஒண்ணைக் காப்பாத்தவே வழியக் காணோம், இப்ப ரெண்டா? இனிமே இந்த வீட்டுல ஆட்டுக்கறி சுட்டுத் தின்ன முடியாதே" என்று தலையில் கை வைத்தார். முடியாதுதான், பூசணிக்காயைச் சுட்டுத் தின்னுங்கள் என்றேன்.

இதில்தான் நம் வீட்டு வழக்கம் குறுக்கே நின்றது. குதிரை செத்தால் நாற்பத்தொன்பதாம் நாள்வரை அது நின்ற இடத்தில் வேறு உயிர் கால் வைக்கக் கூடாது என்பது உன் தாத்தா காலத்துக் கட்டு. முச்சந்தியில் குதிரைகளைக் காக்கிற குதிரைத்தலைக் கன்னோன் தெய்வத்தின் கல்லுக்கு முன்னால் கொஹாருவின் பிடரிமுடியை வைத்துக் கும்பிட்டோம். லாயத்தில் ஃபுகிக்குப் பக்கத்து இடத்தைக் கூட்டி, சுண்ணாம்பு தெளித்து, அவளுடைய தலைக்கயிற்றை ஆணியில் மாட்டி, தினமும் காலையில் ஒரு காரட்டும் தண்ணீரும் வைத்துவந்தோம். அதனால் வந்த துணையெல்லாம் பகலில் ஃபுகியோடு அவிழ்த்துவிடப்பட்டாலும் ராத்திரியில் தீனி மூட்டை இருக்கிற கோடியில்தான் கட்டப்பட்டது. கிழட்டு ஆட்டையும் அங்கேயேதான் கட்டினேன். ஃபுகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் பிறந்து பனி அடித்துக் கொட்டின காலையில் லாயத்துக்குப் போகிறேன், சத்தமே இல்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஆடு கயிற்றை உருவிக்கொண்டு கொஹாருவின் இடத்துக்குள் புகுந்திருக்கிறது. படையல் காரட்டைப் பல்லில்லாத வாயால் குதப்பிக் குதப்பிச் சாறு வழியத் தின்றுவிட்டு, அந்தச் சுண்ணாம்பு மேலேயே சொகுசாகப் படுத்திருக்கிறது. ஃபுகி தடுப்புக்கு மேலே கழுத்தை வளைத்து, அதன் முதுகில் மூக்கை வைத்து ஊதிக்கொண்டிருக்கிறாள். ஊதுகிறாள், ஒரு வாய் வைக்கோல் எடுக்கிறாள், மறுபடி ஊதுகிறாள். மினோரி, அவள் தின்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

பின்னாலேயே உன் அப்பா வந்தார். "ஐயையோ, கொஹாரு இடத்தை எச்சில் பண்ணிடுச்சே, இழுத்து வெளிய போடு" என்று ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஆட்டின் கழுத்தைப் பிடித்தார். ஃபுகி காதை மடக்கிக்கொண்டு மார்பால் ஒரு முட்டு முட்டினாள், தடுப்புப் பலகை விரிசல் விட்டது. இவர் கையை எடுத்துவிட்டார். நான் சொன்னேன், கொஹாரு போயாச்சு, காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இவள் கத்தினாள், நாம் தினமும் அதைக் கூட்டிப் பெருக்கி இன்னும் காலியாக்கிக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் வெளியே போய்ப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார், அந்த இடுப்போடு.

கதை முடிந்தது என்று நினைக்காதே. அந்தப் பனி உருகவில்லை. அது மேல் இன்னும் விழுந்து முழங்கால் அளவுக்கு ஏறிவிட்டது. இவர் முன்னமே சொல்லி வைத்திருந்தபடி மக்காபே லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவள்தான் தின்கிறாளே, நம் ஒப்பந்தப்படி நான் ஜெயித்தாயிற்றே என்றேன். "எத்தனை நாளைக்கு? அந்தக் கிழட்டு ஆடு நாளைக்குப் போயிடுச்சுன்னா மறுபடி இதே கூத்துதான், நமக்கும் வயசாகுது ஸுமி" என்றார் உன் அப்பா. நாளைக்கு நானும்தான் போய்விடலாம், அதற்காக இன்றைக்கே உங்களை லாரியில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மக்காபே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் வைக்கோல் வாருகிற முட்கோலோடு லாய வாசலில் நின்றேன், யாரையும் குத்துவதற்கில்லை, கையில் அதுதான் இருந்தது.

வேறொருவன் கை அவள் கயிற்றில் படக்கூடாது என்று உன் அப்பாவே பிடித்து நடத்திக்கொண்டு போனார். என்னைத் தாண்டித்தான் போனார், முகத்தைப் பார்க்கவில்லை. ஃபுகி அவர் சொன்னால் எங்கேயும் போகிறவள், அவர்தானே சறுக்குவண்டியில் நின்று அவளை ஓட்டியவர். லாரியின் சாய்பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மக்காபே ஒரு எட்டு வைத்தார், இவர் கையைக் காட்டித் தடுத்தார். "விடு, மூச்சு வாங்கிக்கறா, தானா ஏறுவா" என்றார். பந்தயத்தில் இரண்டாம் மேட்டுக்கு முன்னால் அப்படித்தான் நிறுத்துவார், அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்கிறவரை காத்திருப்பார், அப்புறம் ஒரே மூச்சில் ஏறுவாள். இத்தனை வருஷம் கழித்தும் அதே மாதிரி காத்திருந்தார். அப்புறம் மெதுவாக, "ம், போலாம் ஃபுகி" என்றார்.

உள்ளே அந்த ஆடு ஒரே ஒரு தடவை கத்தியது. ஃபுகி ஏறவில்லை, திரும்பினாள். கயிற்றை விடாமல் பிடித்திருந்த உன் அப்பாவைச் சறுக்குவண்டி மாதிரி பனியில் இழுத்துக்கொண்டு, என் முட்கோலைத் தாண்டி, நேராக லாயத்துக்குள் போய்த் தன் இடத்தில் நின்று வைக்கோலைக் கடித்தாள். மக்காபே பின்னால் வந்து, "என்ன அண்ணே, பசங்களைக் கூப்பிட்டு இழுத்து ஏத்திடலாமா?" என்றார். உன் அப்பா மீசையெல்லாம் பனியாக எழுந்து நின்றார். முழங்கால்வரை புதைந்திருக்கிற தன் காலைப் பார்த்தார். பிறகு, "மக்காபே, வேர்ப்பனி இன்னும் விழலப்பா, இது உருகிடும்" என்றார். மூக்குமுடி உறைகிற குளிர் மினோரி! மக்காபே சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, ஏப்ரல்ல உருகிடும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஃபுகியின் நலத்தைக் கேள். தின்கிறாள், வால் முளைக்கிறது. காற்று அடித்தால் ஆடு அவள் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொள்கிறது. கொஹாருவின் தலைக்கயிறு ஆணியிலேயே இருக்கட்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார், காரட்டை மட்டும் ஆட்டுக்காகத் துருவி வைக்கிறார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ரியோவை ஈரக்காலோடு விளையாட விடாதே. வாய்விட்டுச் சிரித்து, நிறைந்து வாழுங்கள், உங்களுக்கு எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒரு விஷயம் மறக்காதே, உன் மாமனாரிடம் நீயே பக்குவமாகச் சொல், ஆண்டிறுதிப் பரிசாக அவர் வழக்கமாக அனுப்புகிற அந்தக் குதிரைக்கறிப் பெட்டி இந்த வருஷம் வேண்டாம். நாங்கள் அவருக்கு அனுப்புகிற ஆட்டுக்கறியும் இனி வராது, நியாயம் என்றால் இரண்டு பக்கமும் நியாயம். உருளைக்கிழங்கும் சிவப்புப் பயறும் வரும், வேகவைத்துச் சாப்பிடட்டும். ஃபுகியைப் பார்க்க ஆசையாக இருந்தால் எல்லோரும் கிளம்பி இங்கே வாருங்கள். அவள் உங்கள் ஊருக்கு வரமாட்டாள்.

இப்படிக்கு,
யார் சொல்லியும் கேட்காத உன் அம்மா
ஓனோதெரா ஸுமி