மூலை கிழிந்த ஸ்டிக்கர்

சனிக்கிழமை இரவு

அன்புள்ள கருத்தப்பாண்டி மாமாவுக்கு,

வேலுத்தாய் மகள் மாரீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். நான்கு விரல்களை இழந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா தூங்கிவிட்டாள் என்று நம்பி அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை ஃபேக்டரி ஜெகன் அண்ணன் முதல் பஸ்ஸில் குமுளி மலை இறங்கித் தேனிக்கு உங்களைப் பார்க்க வருகிறார். அவர் பையில் இதைச் செருகிவிடுவேன். இடது கையால் நீங்களே பிரித்துப் படிக்க வேண்டும் என்பதால் ஒரே ஒரு மடிப்புதான் மடிக்கப் போகிறேன். வேறு யாரையும் படிக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கோழிகளை நான்தான் சாயங்காலம் பிடித்து அடைக்கிறேன். சாம்பல் கோழி மட்டும் இரண்டு நாளாகக் காணவில்லை. அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம். புதன்கிழமை அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அத்தை வாசலிலேயே நிறுத்தி, "கம்பெனிக் கண்ணாடி போட்டுமா ஒனக்குக் கண்ணு தெரியல" என்று கேட்டாராம். அம்மா அத்தையைக் குறை சொல்லவில்லை. வந்ததிலிருந்து வீட்டில் லைட் சுவிட்சைப் போட்டால்கூட என்னைக் கூப்பிட்டு, "நான் போட்டது இதத்தானடி?" என்று கேட்கிறாள். அவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை போய்விட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் விசாரணை. எந்த சுவிட்ச் என்று கம்பெனிக் கண்ணாடி கண்முன்னே அம்பு போட்டுக் காட்டியதைக் கவனிக்காமல் வேறு சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று எழுதிய தாளில் அம்மா கையெழுத்துப் போடப் போகிறாள். போட்டால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டை விட வேண்டும். அப்பா இறந்த பிறகு எங்களுக்கு வேறு வீடு கிடையாது. ஆனால் மாமா, அம்மா கண்ணாடி காட்டியதைத்தான் செய்தாள். தப்பு செய்தது நான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் ஃபேக்டரிக்குள் வந்தது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று போர்டு இருந்தும், கழுவி விட ஆள் போதவில்லை என்று அம்மா என்னைக் கூட்டி வந்தாள். தேயிலை நசுக்கும் மிஷின்களுக்குப் பின்சுவரில் இருக்கும் சுவிட்ச் பெட்டிகளைத் துடைத்துச் சந்தனம் வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். பெட்டிக்கு ஒன்றாகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன்மேல் சந்தனம் பட்டால் கண்ணாடிக்கு அடையாளம் தெரியாது என்று நீங்களே இரண்டாம் பெட்டியிலும் மூன்றாம் பெட்டியிலும் அதை உரித்து என் கையில் தந்தீர்கள். மூன்றாம் பெட்டியில் உரிக்கும்போது மூலை கிழிந்துவிட்டது. "கம்பெனி சொத்தக் கிழிச்சிட்டேன், மேனேஜர் ஜோபி சார்ட்ட சொல்லிராத புள்ள" என்று சிரித்தீர்கள். "காஞ்சதும் எங்கன இருந்துச்சோ அங்கன ஒட்டிரு" என்று சொல்லிவிட்டு மாவிலை கட்டப் போனீர்கள்.

எங்கே இருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தப் பெட்டிகளில் முன்பு 2, 3 என்று எழுதியிருந்ததாம். ஸ்டிக்கர் ஒட்ட வந்தவர்கள் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். உங்களைக் கேட்கத் திரும்பினேன். ஜெகன் அண்ணன் பொரி கொடுக்கக் கூப்பிட்டார். இரண்டையும் ஒட்டிவிட்டு ஓடினேன். அவ்வளவுதான் மாமா, பொரிக்காக ஓடினேன்.

அந்தப் பெட்டிகளை வாரத்துக்கு ஒருமுறை, மிஷினைச் சுத்தம் செய்யும் நாளில்தான் தொடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா கொழுந்து பறிப்பதை விட்டு ஃபேக்டரிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கண்ணாடி இருந்தால் புது ஆளும் பழைய ஆள் மாதிரி வேலை செய்யலாம் என்று சொல்லித்தானே அவளை உள்ளே எடுத்தார்கள். போன சனிக்கிழமை மூன்றாவது மிஷினை நிறுத்து என்று கண்ணாடி ஒரு பெட்டிமேல் பச்சை அம்பு காட்டியது. அம்மா அந்தப் பெட்டியை அணைத்தாள். மிஷின் எல்லாமே ஏற்கனவே நின்றிருந்ததால் எதற்குக் கரண்ட் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. "நிறுத்தியாச்சா வேலு?" என்று நீங்கள் கேட்டதும், "பச்ச வந்துருச்சுண்ணே" என்று அம்மா சொன்னதும் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. நீங்கள் கையை உள்ளே விட்டீர்கள். டீ முடிந்து வந்த ஜெகன் அண்ணன் வழக்கம்போல எல்லா மிஷினையும் ஒன்றாக ஓட்டும் பொத்தானை அமுக்கினார். மூன்றாவது மிஷினும் ஓடியது.

கண்ணாடி வீடியோ எடுத்து வைப்பதில்லையாம். மூன்றாவதை நிறுத்தச் சொன்னதாக மட்டும் அதில் இருக்கிறது. அணைந்து கிடந்தது இரண்டாவது. அதனால் கண்ணாடி சரி, வேலுத்தாய் தப்பு என்று ஜோபி சார் எழுதிவிட்டார்.

இன்று சாயங்காலம் ஃபேக்டரியின் பின்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். மூலை கிழிந்த ஸ்டிக்கர் இரண்டாம் பெட்டியில் இருக்கிறது. வாட்ச்மேன் குருசாமி டீக்கடைக்குப் போயிருந்தார், பின்கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே போய் இரண்டையும் மாற்றி ஒட்டிவிட்டால் இனி யார் கையும் போகாது. ஆனால் அப்புறம் அம்மா பேச்சுக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. மாற்றாமல் விட்டால், விசாரணை முடிந்து மிஷின் ஓடும். அடுத்த சனிக்கிழமை அதற்குள் கை விடப் போவது ஜெகன் அண்ணன். கதவில் கை வைத்து நின்றேன். எதையும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் போய்ச் சொன்னால், தாயைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொல்கிறது என்பார்கள். கிழிந்தது எந்தப் பெட்டியுடையது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். பூஜை அன்று பெட்டிகளை யார் கழுவியது என்று ஜோபி சார் உங்களிடம் வந்து கேட்டாராம். மாத்திரை மயக்கத்தில் ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொன்னீர்களாம். ஜெகன் அண்ணன் சொன்னார். எந்த மிஷினில் எந்த வருஷம் எந்தப் பல் மாற்றியது என்று சொல்பவர் நீங்கள். நீங்கள் யாருக்காக மறந்தீர்கள் என்று எனக்குத் தெரியும் மாமா.

என்னைத் திட்டுவார்கள், பிள்ளையை உள்ளே விட்டதற்கு அம்மாவையும் கேட்பார்கள். இருந்தாலும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நிற்பேன். அதற்கு முன்பு நீங்கள் ஜெகன் அண்ணன் போனிலிருந்து ஜோபி சாரிடம் பேச வேண்டும். நான் செய்ததை நீங்கள் மன்னிக்க வேண்டாம். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கட்டில் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து லைட் சுவிட்சுக்கு முன்னால் நிற்கிறாள். போடாமல் நிற்கிறாள்.

உங்கள் கை சீக்கிரம் ஆறட்டும் மாமா. உங்களுக்கு ஞாபகம் வரட்டும்.

இப்படிக்கு,
பெட்டி துடைத்த மாரீஸ்வரி