நீல நூல் இல்லாத கதிரை

மச்சி,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் என் போனை எடுத்து வீட்டு ஹோல் தரைக்கு நேரே பிடித்தாள். திரையில் ஒரு பிரம்புக் கதிரை, நம் சீமெந்துத் தரையில் உண்மையாகவே கிடப்பது போல நின்றது. அவள் அதையும் மூலையில் கிடக்கும் உங்கள் கதிரையையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது மாமிட இல்ல. நீல நூல் இல்ல" என்றாள்.

அந்த நூலை அழித்தது நான்தான்.

திரையில் நின்றது வெளிநாட்டுத் தளபாடக் கடையொன்றின் முப்பரிமாணக் கணினி வடிவம். போன் தாங்கும் அளவுக்கு அதை இலேசாக்கி, மேலே பிரம்புப் பின்னலின் படத்தைப் போர்த்திக் கொடுப்பது என் வேலை. வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பின்னலுக்கு உங்கள் கதிரையைப் படம்பிடித்தேன். நிழல் விழாமலிருக்க நீங்கள் முற்றத்தில் வெள்ளை விரிப்பை உயர்த்திப் பிடித்து நின்றீர்கள், முணுமுணுத்தபடியே. கெம்பஸ் போய்ப் படித்தது இருக்க ஏலாத கதிரை செய்யவா என்று கேட்டீர்கள். அறுந்த இடத்தில் நீங்கள் கட்டியிருந்த நீல வலை நூலைப் படத்திலிருந்து துப்புரவாக அழித்தேன். முதல்தடவை மில்லிமீற்றரை மீற்றராக்கிவிட்டேன்; கதிரை ஆயிரம் மடங்கு பெருத்து, போனை எங்கே திருப்பினாலும் அதன் கால் மட்டும்தான் தெரிந்தது.

"இதுல ஆரு புள்ள இரிக்கிற, ஜின்னா, பூதமா?" என்றீர்கள்.

அனுப்ப வேண்டிய கடைசி நாளில் உங்களுக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள். மகளை மடியில் வைத்தபடி அந்தக் கதிரையிலேயே சாய்ந்திருந்தீர்கள். கோப்பு ஏறி முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"எனக்கு ஒண்டுமில்ல. நீ உன்ட கதிரைய முடி."

என் கணவரின் ராத்தா, மூத்த சகோதரி என்ற உரிமையில் உப்புக்கும் பாணுக்கும் காயாத உடுப்புக்கும் என்னோடு சண்டை பிடித்தீர்கள். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உங்களை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. அதையும்தான்.

மறுநாள் கொண்டுபோனபோது டெங்கு என்றார்கள், பிந்திவிட்டது என்றார்கள். பின்னல் மிக இயல்பாக இருக்கிறதென்று கடைக்காரர் எழுதியிருந்ததை, உங்களை அடக்கம் செய்த ஏழாம் நாள், கத்தம் ஓதிய அன்றுதான் வாசித்தேன்.

இப்போது மகளின் நெற்றி கொஞ்சம் சுட்டாலும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். போன கிழமையும் ஓடினேன். டொக்டர் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, கூட்டிப்போங்கள் என்றார். நான் எழும்பவில்லை. இன்னொருதரம் பார்க்கச் சொன்னேன்.

நீங்களும் ஒண்டுமில்ல என்றுதானே சொன்னீர்கள், மச்சி.