நம்சிஃபு என்னும் காசித்தும்பை

தார் எஸ் ஸலாம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நம்சிஃபு,

லுஷோட்டோவில் மழை நின்றதா? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் எழுத வேண்டியவை மூன்று:

1. என் உடல்நலம்.
2. கை தவறி நேர்ந்த ஒரு பிழை.
3. எனக்கு வேண்டியது.

நான் நலம். இந்த ஊர் வெயில்தான் தாங்கவில்லை.

நம் ஓடைக்கரைக் காசித்தும்பை புதிய இனம்தான் என்று உறுதியாகிவிட்டது. அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறேன். கட்டுரை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. செடிகளின் அறிவியல் பெயர் லத்தீனில்தான் இருக்க வேண்டும்; அதில் ஆண் பெயருக்கு ஒரு விகுதி, பெண் பெயருக்கு வேறொன்று. பக்கத்து மேசை முவானாய்டி கட்டுரையைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரியவரே, உங்க வீட்டம்மாவுக்கு மீசை இருக்கா?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"'நம்சிஃபுயி'ன்னு ஆம்பளையாக்கிட்டீங்களே! அவங்க பாத்தா உங்களுக்கு ஒரு வாய் உகாலிக் களி கிடைக்குமா?"

உடனே 'நம்சிஃபுயே' என்று திருத்தி, மூன்று முறை சரிபார்த்தேன். இப்படிப் பெயரிடும் முறையை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இனி எந்த நாட்டில் யார் அந்தப் பெயரைப் படித்தாலும் அது நம் ஓடைச் செடியை மட்டுமே குறிக்கும். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும் அந்தக் கடைசி எழுத்திலேயே தெரிந்துவிடும்.

உன் பெயரை உன் கையால் எழுதி அனுப்பு. எழுத்துகளை ஒப்பிட வேண்டும். தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன்
எலிஃபாஸ்

பி.கு.: இரண்டாவது குறிப்பு தவறு. கை தவறவில்லை. நாற்பது ஆண்டுகளில் இதற்கு முன் நான் பெயரிட்ட பதினொரு செடிகளுக்கும் ஆண்களின் பெயர்களையே வைத்திருக்கிறேன். பெண்ணின் விகுதியை என் கை இதுவரை எழுதியதே இல்லை.