ஒடம்புச் சூடு

செவ்வாய், இரவு.

எனக்கு ஏழாம் மாதம். சர்க்கரை வேறு வந்திருக்கிறது. கொஞ்ச நாளாகப் பிறப்புறுப்பில் அரிப்பு. மாமியாரிடம் எரிச்சல் என்று மட்டும் சொன்னேன். "ஒடம்புச் சூடுத்தா, குளுமையாக் குடி" என்று தினமும் இளநீரில் பனங்கற்கண்டு கரைத்துத் தந்தார். டீக்குச் சீனி தர மறுக்கிறவர் அவர்.

இன்று ஆலங்குடியில் டாக்டரம்மா பரிசோதித்தார். "கிருமித்தொற்றும்மா. சர்க்கரை கொறையாம இது அடங்காது. இப்படியே விட்டா பிள்ளைக்கும் நல்லதில்ல" என்று, உள்ளே வைக்க மாத்திரை தந்தார்.

வெளியே மாமியார் "என்னவாம்த்தா?" என்றார். பக்கத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சூடுதான்னு சொன்னாங்கத்தே."

மாத்திரை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. தலைமாட்டில் இளநீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டாக்டரே சொல்லிவிட்டதால் இன்று கற்கண்டு கூடுதல்.